பதினாறு மில்லிஆம்பியர்

வீட்டின் வெளிச்சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் வைப்பது சிறிய வேலைதான். உள்ளே ஏற்கெனவே ஓடும் வயரிலிருந்து ஒரு கிளை இழுத்து, சுவரில் துளையிட்டு, மூடியுள்ள பெட்டி ஒன்றைப் பொருத்தினால் ஆயிற்று. ஆனால் அந்தத் துளையின் மறுபக்கத்தில் மின்சாரத்தின் இயல்பே மாறிவிடுகிறது. உள்ளே செருப்பணிந்த காலும் உலர்ந்த தரையும் நம்மை ஓரளவு காக்கின்றன. வெளியே ஈரமண்ணில் வெறுங்காலுடன் நிற்பவர், பழுதான புல்வெட்டியின் உலோகப் பிடியைத் தொட்ட கணத்தில் தாமே ஒரு வயராகிவிடுகிறார். மின்சாரம் அவர் வழியாகப் பூமிக்குள் இறங்குகிறது.

பியூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். பியூஸ் வயரைக் காக்க வந்தது. மனிதனைக் காக்க வந்ததல்ல. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடி வயர் சூடேறி வீடு தீப்பற்றாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. 15 ஆம்பியர் பியூஸ் 15 ஆம்பியருக்குக் குறைவான எதையும் கண்டுகொள்ளாது. மனித உடலுக்கோ ஓர் ஆம்பியரில் மிகச் சிறு பகுதியே எமனாகப் போதும். மின்சாரம் வீடுகளுக்குள் நுழைந்து வெகுகாலம் வரை, சொத்துக்குக் காவல் இருந்தது, உயிருக்கு இல்லை.

இந்த நிலை மாறத் தொடங்கியது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில். ஈரமும் இருளும் உலோகமும் கூடிய அந்தப் பாதாளத்தில் மின்விபத்து பெரும் கவலையாக இருந்தது. அதுவரை இருந்த கசிவுக் காவல் கருவிகள் சுமார் 10 ஆம்பியர் கசிந்தால்தான் விழித்துக்கொள்ளும். ஹென்றி ரூபின் என்ற பொறியாளர் 1955-இல் 250 மில்லிஆம்பியரில் இயங்கும் கருவியொன்றைச் செய்தார். மறு ஆண்டே அதனினும் பன்மடங்கு நுட்பமான ஒன்றை உருவாக்கினார். ஸ்டில்ஃபோன்டெய்ன் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் மின்சாரம் தாக்கி இறந்தார். அதன் பின்னர் அங்கே, 20 மில்லிஆம்பியரில் இயங்கும் ரூபினின் கருவிகள் பொருத்தப்பட்டன. சுரங்கத்துக்காகப் பிறந்த சிந்தனை வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

மனித உடல் எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அளவுகோல் தந்தவர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். அவர் தன்னார்வலர்களை ஒரு செப்புக் கம்பியைப் பிடிக்கச் செய்து, மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். எந்த அளவில் கை தன் விருப்பப்படி விடுபட முடியாமல் இறுகிப்போகிறது என்பதே அவர் தேடியது. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலியவை. ஆகவே மின்சாரம் பாயும்போது கை தன் எதிரியையே இறுகப் பற்றிக்கொள்கிறது. 134 ஆண்களிடமும் 28 பெண்களிடமும் சோதித்ததில், ஆண்களின் சராசரி வரம்பு 16 மில்லிஆம்பியர், பெண்களுடையது 10.5 என்று தெரிந்தது. குழந்தைகளைச் சோதிக்க இயலாது. ஆண்களில் மிகக் குறைந்த வரம்பு உடையோருக்குரிய 9 மில்லிஆம்பியரில் பாதியை அவர்களுக்கு உத்தேசமாக வைத்தார். 15 ஆம்பியர் பியூஸையும் இந்த 16 மில்லிஆம்பியரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடையே ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் மாண்டுகொண்டிருந்தார்கள்.

1961-இல் டால்சீல் டிரான்சிஸ்டர் கொண்டு, சுமார் 5 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். அதன் தத்துவம் ஒரு கணக்குப்பிள்ளையின் தத்துவம். போகும் வயரும் திரும்பும் வயரும் ஒரே காந்த வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. போனதும் வந்ததும் சமமென்றால் வளையம் அமைதியாக இருக்கும். குறைந்து திரும்பினால் மிச்சம் வேறு வழியில், ஒருவேளை ஓர் உடல் வழியில், போயிருக்கிறது என்று பொருள். வினாடியின் மிகச் சிறு பகுதிக்குள் கருவி இணைப்பைத் துண்டித்துவிடும்.

அமெரிக்காவின் தேசிய மின்விதிகளில் இது முதலில் 1968-இல் நீச்சல் குளங்களின் நீரடி விளக்குகளுக்காக இடம்பெற்றது. வீடுகளின் வெளிப்புறப் பாயிண்டுகளுக்கு 1973 முதல் கட்டாயமாயிற்று. குளியலறைக்கு 1975-இலும் சமையலறைக்கு 1987-இலும்தான் வந்தது. காவல் வாசலுக்கு வெளியே தொடங்கி மெல்ல உள்ளே நடந்து வந்திருக்கிறது.

ஆனால் இத்தகைய விதிகள் பெரும்பாலும் புதிய வேலைகளுக்கே பொருந்துபவை. பழைய வீடு பழைய ஆபத்துடனேயே இருக்க முடியும். இங்கேதான் அந்தக் கணக்குப்பிள்ளையின் பெருமை. போவதையும் வருவதையும் மட்டுமே அவர் ஒப்பிடுவதால், எர்த் வயரே இல்லாத பழைய வீட்டிலும் வேலை செய்வார். கிளை எடுக்கும் இடத்திற்கு முன்னால் அவரை உட்காரவைத்தால் அதற்கு அப்பாலுள்ள பாயிண்டுகள் யாவும் அவர் பார்வைக்குள் வந்துவிடும். இதனால் எர்த் தேவையில்லை என்று ஆகிவிடாது. பழுதான உலோக உடலிலிருந்து கசிவை, மனிதக் கை அதைத் தொடும் முன்பே, பூமிக்குக் கொண்டுபோவது எர்த் வயர்தான்.

அவருக்கும் எல்லை உண்டு. ஒருவர் இரு வயர்களையும் இரு கைகளால் தொட்டால், மின்சாரம் ஒழுங்காகவே போய்த் திரும்புகிறது; கணக்கில் குறை தெரியாது. நம் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் கிடைப்பவை வீடுகளுக்குப் பொதுவாக 30 மில்லிஆம்பியர் அளவுடையவை. அவை இதயத்தைக் காக்கும் கணக்கில் அமைந்தவை. கை இறுகுவதைத் தடுக்கும் கணக்கு அதில் இல்லை. ஆகவே மெயினை அணைத்து, மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகே வயரைத் தொட வேண்டும் என்ற பழைய பாடம் பழையதாகவே இருக்கிறது.

அந்தக் கருவியில் ‘டெஸ்ட்’ என்றொரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் செயற்கையாக ஒரு கசிவு உண்டாகி, இணைப்பு ‘டக்’கென்று துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படவில்லையென்றால் காவலர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். பல வீடுகளில் அந்தப் பொத்தானை யாரும் தொட்டதே இல்லை. மாதம் ஒருமுறை அதை அழுத்தும்போது, கை விடுபடாத அந்தக் கணத்தைத் தம் உடலாலேயே அளந்து தந்த 162 பேரை நினைத்துக்கொள்ளலாம்.