பிச்சாவரம் அலையாத்திக் காடு: அழிவும் மீட்பும்

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை மரங்கள் அங்குச் செறிந்திருந்தமையால் அப்பெயர் அமைந்தது என்பர். அம்மரத்தை மலாய் மக்கள் 'பூத்தா-பூத்தா' என வழங்குகின்றனர். 'பூத்தா' என்னும் சொல் பார்வையின்மையைக் குறிக்கும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வை கெடும் என்பதே காரணம். இன்று தில்லை மரங்களை அவற்றின் இயல்பான சூழலில் காண விழைவோர், சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றின் கழிமுகத்திற்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்திற்கும் இடையே அமைந்த பிச்சாவரத்திற்கே செல்லவேண்டும். அக்காடு அழிந்த வரலாற்றையும் மீட்கப்பெற்ற வரலாற்றையும் நாம் இங்கு ஆராய்வோம்.

பிரித்தானியர் ஆட்சியில் வனத்துறை இக்காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் மரங்களை முற்றாக வெட்டியது. வெட்டிய நிலம் தானே தழைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னரும் 1970-கள் வரை இம்முறை தொடர்ந்தது. எனினும், பல கூறுகளில் நிலம் வெறுமையாகவே கிடந்தது. மாடு மேய்த்தலும் விறகு வெட்டுதலுமே அழிவுக்குக் காரணம் என ஊரார்மீது பழி சுமத்தப்பட்டது.

இவ்விடத்தில் பேராக் மாநிலத்து மாத்தாங் காட்டை ஒப்புநோக்குதல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்புக்காடாக்கப்பட்ட அது, ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புடையது. கரி சுடுவதற்காக அங்கும் 30 ஆண்டுச் சுழற்சியில் மரங்கள் முற்றாக வெட்டப்படுகின்றன. ஆயினும் காடு நிலைத்துள்ளது. வெட்டிய இடங்களில் மறுநடவு செய்யப்படுவது ஒரு காரணம். ஆண்டு முழுதும் பெய்யும் மழையும் வலிய ஓதமும் மற்றொரு காரணம். பிச்சாவரத்திலோ மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது, ஓதமும் சிறிது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டப்பெற்ற கீழணையும், காவிரியில் 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் கடலை நோக்கி வரும் நன்னீரைக் குறைத்தன.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் மேற்கொண்ட ஆய்வு, அழிவின் உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தியது. மரங்கள் நீங்கியதும் மண் வெயிலிற் காய்ந்து அமிழ்ந்தது. நிலம் தொட்டிபோற் குழிந்தது. உட்புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மிகுந்து நாற்றுகள் மடிந்தன. ஆகவே, வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து, இயற்கை ஓடைகளோடு தொடுக்கும் தாய்க்கால்வாய்களையும் அவற்றிலிருந்து மீன்முள்போற் பிரியும் கிளைக்கால்வாய்களையும் வெட்டினர். ஓதம் வந்து மீளத் தொடங்கியதும் மண்ணின் உப்பு தணிந்தது. கால்வாய்க் கரைகளில் நட்ட வெண்கண்டல் நாற்றுகள் வேரூன்றின.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இக்கடற்கரையில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன என 2005-இல் ஓர் ஆய்வு கூறியது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே முதன்மைக் காரணங்கள் எனப் பிறர் மறுத்தனர். அவ்வழக்கு எவ்வாறாயினும், இறாலும் மீன்குஞ்சும் வளர்வது இக்காட்டு ஓடைகளிலேயே என்பதில் ஐயமில்லை. கையால் இறால் பிடித்து வாழும் இருளர் மக்களின் பிழைப்பு அவற்றைச் சார்ந்தே உள்ளது.

2022-இல் பிச்சாவரம் ராம்சர் தலமாக அறிவிக்கப்பெற்றது. இந்தோ-பசிபிக் அலையாத்திக் காடுகள் ஹெக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 டன் கார்பனைத் தேக்குவதாக 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன் பெரும்பகுதி மண்ணுக்கடியிலேயே உள்ளது. 'நீலக் கார்பன்' என்னும் பெயரில் உலகெங்கும் நாற்று நடும் திட்டங்கள் பெருகுவதற்கு இதுவே காரணம். ஆனால் நட்ட நாற்றுகளின் எண்ணிக்கை காட்டின் அளவாகாது. நீர்வழி அடைபட்ட நிலத்தில் எத்துணை நாற்று நடினும் அவை நிலைப்பதரிது. கரையோரக் காட்டை மீட்க முனைவோர், அந்நிலத்தில் நீர் எவ்வாறு வந்து சென்றது, எப்போது, யாரால் தடைபட்டது என்னும் வரலாற்றை முதலில் கற்றல் வேண்டும். அதனைக் கல்லாதபோது பழி ஏழை மக்கள்மேல் விழும், காடும் மீளாது. பிச்சாவரம் நமக்கு உணர்த்துவது இதுவே.