பருவமடைதல்

பருவமடைதல்: குழந்தையின் உடல் இனப்பெருக்கத் திறன் பெறும் வளர்ச்சிக் கட்டம். பெரும்பாலும் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும்.

இயக்கம்: மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அதன் ஹார்மோன்களால் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜனையும் விந்தகங்கள் டெஸ்டோஸ்டிரோனையும் மிகுதியாகச் சுரக்கின்றன.

பெண்கள்: மார்பகம் வளரும்; இடுப்பு அகலும். மாதந்தோறும் பொதுவாக ஒரு சூலகத்திலிருந்து ஒரு சினைமுட்டை வெளிப்பட்டுக் கருக்குழாய் வழியே செல்லும். கரு உருவாகாவிட்டால் கருப்பையின் உட்படலம் குருதியுடன் வெளியேறும். இதுவே மாதவிடாய். சராசரிச் சுழற்சி 28 நாள். தொடக்க ஆண்டுகளில் முன்பின் ஆவது இயல்பு.

ஆண்கள்: குரல் உடையும், மீசை அரும்பும், விந்தணு உற்பத்தி தொடங்கும். உறக்கத்தில் விந்து வெளியேறுவது நோயன்று.

சமூகம்: பெண் பூப்பெய்தியதும் மஞ்சள் நீராட்டு விழா நடத்துவது தமிழகமெங்கும் வழக்கிலுள்ளது. தாய்மாமன் சீர் கொண்டுவருவார். மாதவிடாய் தீட்டு என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. பூப்பெய்துவது திருமணத் தகுதியும் ஆகாது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைய வேண்டும்.

நலம்: மாதவிடாயின்போது அணையாடையை 4 முதல் 6 மணி நேரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். கீரை, பயறு, கேழ்வரகு உணவில் இடம்பெறட்டும். தமிழக அரசின் புதுயுகம் திட்டம் வளரிளம் பெண்களுக்கு அணையாடைகளை இலவசமாக வழங்குகிறது. யாரேனும் தகாத முறையில் தொட்டால் 1098 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.