கிளிநொச்சி விளையாட்டு ஆடைத் தொழில்

கிளிநொச்சி மாவட்டத்தில் 2009இல் போர் முடிந்த பின்னர் காலூன்றிய ஏற்றுமதித் தையல் தொழில். எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் குழுமத்தின் ‘வானவில்’, ‘விடியல்’ ஆகிய ஆலைகள் இதில் முதன்மையானவை. வேலைக்குப் போகும் பெண்கள் இவற்றை ‘காமன்ற்’ என்றே சொல்வர்.

இத்தொழிலின் வேர் அமெரிக்காவில், எம்.ஏ.எஸ்.இன் வாடிக்கையாளரான நைக்கி நிறுவனத்தில் இருக்கிறது. பில் நைட்டும் பயிற்றுநர் பில் பௌவர்மனும் 1964இல் ‘புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயரில் யப்பானியச் சப்பாத்துகளை இறக்குமதி செய்து விற்றனர். 1971இல் அந்த வணிகம் நைக்கி ஆயிற்று. 1984இல் இளம் கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டானுடன் ஒப்பந்தமானது. மறு ஆண்டு கடைக்கு வந்த ‘எயார் ஜோர்டான்’ சப்பாத்து, விளையாட்டுப் பொருள் வணிகத்தின் போக்கையே மாற்றியது. 1997இல் ஜோர்டான் தனி வணிகச் சின்னமாகப் பிரிந்தது. சப்பாத்தோடு மேலாடை, காற்சட்டை, காலுறை எல்லாம் வீரனின் பெயரில் விற்கும் முறை இப்படித்தான் நிலைபெற்றது.

இந்த வணிகத்தின் அடித்தளம் தன் பொருளைத் தானே உற்பத்தி செய்யாமை. வடிவமைப்பும் விளம்பரமும் நிறுவனத்தின் கையில். தையலும் ஒட்டலும் ஒப்பந்த ஆலைகளின் கையில். யப்பானில் கூலி உயர்ந்தபோது கொரியா, தாய்வான். பின்னர் சீனா, இந்தோனேசியா, வியட்நாம். 1990களில் அந்த ஆலைகளின் கூலியும் வேலைச் சூழலும் உலகெங்கும் கண்டிக்கப்பட்டன. 2005இல் நைக்கி தன் ஒப்பந்த ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது அந்த அழுத்தத்தின் விளைவு.

இலங்கையின் பங்கு சப்பாத்தில் அல்ல, துணியில். 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் தொடங்கியது. 1992இல் பிரேமதாச அரசு 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றபோது கிளிநொச்சி அடங்கிய வன்னி போருக்குள் இருந்தது. 1987இல் அமலீன் சகோதரர் மூவர் தொடங்கிய எம்.ஏ.எஸ்., உள்ளாடையில் வளர்ந்து விளையாட்டு ஆடைக்கு விரிந்தது. நைக்கி அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒன்று.

போருக்கு முன் இம்மாவட்டத்தின் பெருந்தொழில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. ஆனையிறவு உப்பே அதன் மூலப்பொருள். 1980களில் அதுவும் நின்றுபோனது. போருக்குப் பின் இம்மாவட்டத்தின் பளையில் மீள்குடியேறிய மக்களுக்கு அழிந்த தென்னந்தோட்டங்களும் முகமாலையின் கண்ணிவெடி வயல்களுமே எஞ்சின. குடும்பத்தைத் தனித்துச் சுமந்த பெண்கள் பலர் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கே போனார்கள். மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடைத்த அடுத்த வாசல் ஆடைத் தொழிற்சாலை. இந்தச் சூழலைச் சொல்லாமல், வேலைவாய்ப்பு வந்தது என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது.

அயல் மாவட்டங்களில், புதுக்குடியிருப்பில் ஹிர்தராமணி, வவுனியாவில் ஒமேகா லைன் ஆகிய நிறுவனங்களும் ஆலை நடத்துகின்றன. ஐரோப்பா ஒரு பெரிய சந்தை என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010இல் பறிபோனதும் 2017இல் மீண்டதும் இலங்கையின் தையல் மேசைகளை நேரடியாகத் தொட்ட நிகழ்வுகள். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவானது. ஜோர்டான் சின்னமிட்ட ஒரு சோடிச் சப்பாத்தின் விலை பெரும்பாலும் இதைத் தாண்டும்.

ஆலைகளின் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. வடிவமைப்பும் சின்னமும் விலை நிர்ணயமும் இன்னும் வெளியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இயங்குகிறது. துணித் தொழில்நுட்பமும் ஆடை வடிவமைப்பும் இங்கேயே கற்பிக்கப்பட வேண்டும். அதுவரை இம்மாவட்டத்துக்குக் கிடைப்பது தையல் கூலி மட்டுமே.