உடுத்த துணியும் ஒரு சாசனம்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையிலே ஒரு சிறு பொருட்காட்சி நடத்தினோம். மாத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளே எம்மிடம் பெரும்பான்மையினர். வீட்டிலுள்ள பழம்பொருள் ஒவ்வொன்றைக் கொண்டுவருமாறு சொல்லியிருந்தோம். குத்துவிளக்கும் செப்புக்குடமும் வெற்றிலைத் தட்டமும் வந்து சேர்ந்தன. ஒரு மாணவி மட்டும் தன் பாட்டியின் சேலையொன்றைக் காகிதத்திற் சுற்றிக் கொணர்ந்தாள். நிறம் மங்கிய பருத்திச் சேலை. அதன் இடுப்புப் பக்கத்திலே கபில நிறத்தில் ஒரு பெருங்கறை. வருவோர் முன்னிலையில் அழுக்குத் துணியை வைப்பதா என்றெண்ணி, அதனைச் சவர்க்காரமிட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு வைக்கும்படி நானே பணித்தேன். கறை பெரும்பாலும் போயிற்று. மடிப்பு வழியே துணியுங் கிழிந்தது.

காட்சி நாளன்று அந்த மூதாட்டி வந்தார். மேசையருகே சற்று நேரம் நின்று பார்த்தார். "ஐயா, இது நான் கொழுந்தெடுக்கையில கட்டின சேலை. படங்கு மறைக்காத பக்கமாப் பார்த்து, ஈரக் கொழுந்து உரசி உரசி ஏறின கறை. இத்தனை வருசத்துக் கறையை ஒரே நாள்ல வெளுத்துப்புட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னாற் சிரிக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்தவன், கைக்கு வந்த சான்றைத் தொட்டியிலே கரைத்துவிட்டேன்.

கல்வெட்டைக் கழுவினால் எழுத்துத் தெளியும். துணியைக் கழுவினாலோ எழுத்தே போய்விடும். இவ்வேறுபாட்டை அன்றுதான் உணர்ந்தேன். அதன் பின்னரே ஆடை வரலாற்றைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, எங்கள் மாத்தளை மாவட்டத்தைப் போல் இவ்வரலாற்றுக்குப் பொருத்தமான இடம் வேறு இல்லையோ என்று தோன்றிற்று.

முதலிலே சீகிரியாவை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் அரண்மனை அமைத்த அக்குன்றின் ஓவியப் பெண்களை அறியாதார் இல்லை. ஆயினும் அவர்களின் அழகைப் பேசுவோரிற் பலர் அவர்கள் உடையைக் கவனிப்பதில்லை. சிலர் மேனியிலே ஆடையே இல்லைபோல் தோன்றும். உற்று நோக்கினால், கையிலே மெல்லிய கோடொன்று ஓடும். அது ஊடு தெரியும் நுண்ணிய மேலாடையின் விளிம்பு. மலர் ஏந்தி நிற்கும் கருநிறப் பெண்களோ மார்பிலே கச்சு அணிந்திருக்கின்றனர். இடையாடை கொப்பூழுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அது எவ்வாறு கட்டப்பட்டது, கொசுவம் முன்னா பின்னா, கணுக்கால்வரை நீண்டதா என்று கேட்டால் விடையில்லை. இடைக்குக் கீழே ஓவியன் மேகத்தை வரைந்துவிட்டான்!

அப்பெண்கள் யார் என்பதிலேயே அறிஞர் வேறுபடுகின்றனர். தொல்பொருள் ஆணையாளராயிருந்த பெல், அவர்களைக் கோயிலுக்குச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார். ஆனந்த குமாரசுவாமி தேவமகளிர் என்றார். பரணவிதானவோ மின்னலும் மேகமும் பெண்ணுருக் கொண்டன என்றார். யாராயினும் ஆகுக. தேவமகளிரை நேரிற் கண்ட ஓவியன் ஒருவனும் இல்லை. தான் கண்ட மாந்தரின் ஆடையையே அவன் அவர்களுக்கு உடுத்தியிருப்பான். எல்லாரும் அவ்வாறு உடுத்தினரா, அரண்மனையிற் சிலர் மட்டுமா என்பது வேறு வினா. குன்றின் அடியிலே நீர்த்தடாகங்களை வெட்டிய கூலியாளின் மனைவி என்ன உடுத்தாள் என்பதை எந்தச் சுவரும் சொல்லவில்லை.

சீகிரியாவிலிருந்து அதிக தூரமில்லாத தம்புள்ளைக் குகைகளிலே, பதினெட்டாம் நூற்றாண்டிற் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்துத் திருப்பணியைக் காணலாம். நாயக்கர் வழிவந்த அம்மன்னனின் சிலையும் அங்கே நிற்கிறது. நான் மாணவரை அழைத்துச் செல்லும்போது சிலையைக் காட்டுமுன் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். மேடும் பள்ளமுமான பாறைக் கூரை முழுவதும், வண்ணச் சித்திரச் சீலையொன்றை விரித்துக் கட்டினாற்போல் தீட்டப்பட்டிருக்கிறது. விதானச் சீலை கட்டும் வழக்கத்தைப் பாறையிலே வரைந்துவைத்தார்கள் போலும். அக்காலச் சீலைகள் மக்கிப் போயின. வண்ணத்தில் அவற்றின் சாயல் நின்றுவிட்டது.

அச்சீலைகளிற் பல நம் கரையிலிருந்து வந்தவை. கண்டிப் பிரதானிகள் உடுத்த சோமனும் துப்பொட்டியும் நம் மொழியின் சோமன், துப்பட்டி என்னும் சொற்களோடு உறவுடையவை. சோழமண்டலக் கரையிலே எழுதியும் அச்சிட்டும் சாயமிட்ட பருத்தித் துணிகள் இங்கே விரும்பி வாங்கப்பட்டன. அவற்றுக்குச் செந்நிறம் தந்த சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழப்பட்டது. ஒல்லாந்தர் அதனைத் தம் வருவாய்களுள் ஒன்றாக்கினர். வேரைத் தோண்டியோருக்கு வேர்க்குத்திகள் என்றே பெயர் வழங்கிற்று. பிரதானியின் இடையிலிருந்த சிவப்பிலே ஓர் ஏழையின் மண்வெட்டியும் இருந்தது.

ஆடை வெறும் அலங்காரமாய் இருந்ததில்லை என்பதற்கு உரொபேட் நொக்ஸ் சான்று. 1660-இற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பிய அவ்வாங்கிலேயன் 1681-இல் வெளியிட்ட நூலிலே, கண்டி இராச்சியத்தில் ஒருவர் துணி முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பது அவர் குலத்தைப் பொறுத்திருந்ததை எழுதுகிறான். இதைக் கேட்டுத் தமிழராகிய நாம் தலையசைத்துவிட்டுப் போக முடியாது. திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, 1859-இலேதான் அரச அறிவித்தலைப் பெற்றனர். ஒரு முழத் துணிக்காக மனிதர் அடிபட்ட வரலாறு நமக்கும் உண்டு.

இனி, ஈழத்திலே இத்துறைக்கு வழிகாட்டிய ஒருவரைச் சொல்லவேண்டும். 1877-இற் கொழும்பிலே, சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, நிலத்தின் கனியங்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்தவர். கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். நக்கிள்ஸ் மலைகளுக்கு அப்பால், தும்பறையின் தலகுனை என்ற ஊர் நெசவாளரின் தறியையும் கோலங்களையும் குறித்துக்கொண்டார். 1905-இற் கண்டியிலே 'இரவல் இறகுகள்' என்று பொருள்படும் தலைப்பிற் சிறு பிரசுரமொன்று வெளியிட்டு, ஐரோப்பிய உடைக்கு மயங்கியோரைக் கடிந்தார். 1908-இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 425 பிரதிகளாக இங்கிலாந்தில் அச்சாயிற்று. அவர் மனைவி எதெல் அந்நூலுக்குப் படங்கள் பிடித்தார். கண்டித் தையல் வேலையையும் ஆராய்ந்தார். பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரோடு இங்கிலாந்தின் கைத்தறிக்கும் தாவரச் சாயத்துக்கும் புத்துயிர் ஊட்டியவர் அவரே. கணவரைப் பேசும் நாம் இவ்வம்மையாரை மறந்துவிடுகிறோம்.

இந்திய நெசவுக்கெனத் தனி நிலையம் ஒன்று வேண்டுமென்று குமாரசுவாமி ஆமதாபாத்தின் கௌதம் சாராபாய்க்குக் கூறிய யோசனையே, 1949-இல் அந்நகரில் எழுந்த காலிகோ துணி நூதனசாலைக்கு வித்தாயிற்று. நம் நாட்டிலும் 1877-இல் திறந்த கொழும்பு நூதனசாலையிலும், 1942-இல் திறந்த கண்டி நூதனசாலையிலும் பழைய ஆடைகள் பேணப்படுகின்றன. ஆயினும் அங்கே நிற்குந்தோறும் எனக்கு ஒரு குறை தோன்றும். எங்கும் காணக்கிடைப்பவை பெரும்பாலும் அரசரும் பிரதானிகளும் விழாநாளில் உடுத்தவை. சிறிதே உடுத்துப் பெட்டியில் வைத்தவை நிலைத்தன. நாள்தோறும் உடுத்தவை தேய்ந்து மறைந்தன.

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கும் மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் எம் முன்னோர். வழியிலே கொள்ளைநோயால் மாண்டோர் எண்ணிலர். பிழைத்து வந்தோர் என்ன உடுத்திருந்தனர்? ஆட்டு உரோமத்தால் நெய்த கறுப்புக் கம்பளியைத் தோட்டக் கணக்குகள் காட்டும். அரிசியைப் போல அதுவும் பற்றெழுதிச் சம்பளத்திலே கழிக்கப்பட்டது. அதுவே பகலில் மழைக்குக் கொங்காணி, இரவிலே போர்வை. கோப்பிக் காலத்தில் வந்தோரிற் பெரும்பகுதியினர் ஆடவர். 1869-இன் பின் கோப்பி நோயுற்று, தேயிலை பரவியபோதே பெண்கள் பெருந்தொகையாய் வந்தனர். அதன் பின் நிழற்படங்கள் உதவுகின்றன. புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875-இல் இலங்கைக்கு வந்து, 1879-இல் இங்கேயே இறந்தார். தமிழ்த் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். ஸ்கீன், பிளாட்டே முதலிய கொழும்புக் கடைகள் எடுத்த படங்கள் எண்ணற்றவை. ரவிக்கையில்லாமற் சுற்றிய சேலை, காது வளர்த்துப் பூண்ட நகை, வேட்டிக்கு மேலே கோட்டணிந்த கங்காணி ஆகியவை அவற்றிலே தெரியும். ஆனால் படக்கடையிலே நிறுத்தி எடுத்த படம் முழுச்சான்றாகாது. சேலை அவளுடையதா, கடைக்காரன் கொடுத்ததா? அன்றியும், 'தமிழ்க் கூலிப் பெண்' என்பதே படத்தின் தலைப்பாய் இருக்கும். உடையைப் பதித்தவர்கள் பெயரைக் கேட்கவில்லை.

கம்பளியைப் பூச்சி தின்றது. சேலையின் கதை வேறு. விழாச் சேலை பழகி வேலைச் சேலையாகும். வேலைச் சேலை நைந்தால் பிள்ளைக்கு ஏணை. ஏணை கிழிந்தால் அடுப்படியிற் பிடிதுணி. கடைசியில் விளக்குத் திரி. எரிந்து ஒளியாகும்வரை உழைத்த துணிக்கு நூதனசாலை ஏது! 2007-இற் கம்பளைக்கு அண்மையில் பாரதெக்கவிலே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். எங்கள் மாத்தளையிலும் அதற்கு ஒரு கிளை போலாவது வேண்டும் என்பது என் ஆசை.

மாத்தளையைச் சொல்லிவிட்டு அலுவிகாரையை விடலாகாது. திரிபிடகம் ஏட்டிலே எழுதப்பெற்ற அவ்வூரிலே, சேர் ரிச்சட் அலுவிகாரையின் புதல்வியார் ஏனா த சில்வா, 1980-களில் தம் முன்னோர் மனையையொட்டி ஊர்ப் பெண்களைக்கொண்டு தையலும் துணிவேலையும் வளர்த்தார். அதற்கு முன்னரே, 1960-களில் பட்டிக் துணிக்கு இந்நாட்டிற் பெருமதிப்பைத் தேடித்தந்தவர் அவர். பெந்தோட்டை விடுதியின் முகப்புக் கூரையிற் பொருத்திய அவருடைய பட்டிக் துணிகளைக் கண்டால் எனக்குத் தம்புள்ளைக் கூரை நினைவுக்கு வரும். அவர் 2015-இற் காலமானார். பட்டிக் நம் பண்டைக் கலையன்று, யாவாவின் புகழ் அது என்று குறைகூறுவோர் உளர். உண்மைதான், ஆயினும், ஊசி பிடித்த கைகளைக் காப்பதும் ஒருவகைப் பாதுகாப்பே.

இனி, வீட்டிலே பழந்துணி வைத்திருக்கும் நேயர்களுக்கு, நான் தவறிழைத்துக் கற்றதைச் சொல்கிறேன். துவைக்கவேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். நெடுங்காலம் ஒரே மடிப்பில் இருந்த துணி அம்மடிப்பிலே அறும். ஆதலால் கஞ்சியில்லாத வெண்பருத்தித் துணியைச் சுற்றிய குழாயிலே தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வெயிலும் மின்னொளியும் வெளுத்த சாயத்தை மீட்க எந்த மருந்தும் இல்லை. நூதனசாலைகளில் துணியறை மங்கலாயிருப்பது மின்சாரச் சிக்கனத்துக்காக அன்று. மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இடைக்கிடை திறந்து பாருங்கள். குண்டூசி குத்தினால் துருக்கறை நிற்கும். அடையாள இலக்கத்தை மையால் எழுதாமல், சிறு நாடாவில் எழுதி ஓரத்திலே தைத்துவிடுங்கள். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. உடுத்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: யார் நெய்தது, எங்கே வாங்கியது, என்ன விலை, எப்படிக் கட்டியது, எந்த நாளிற் கட்டியது, அதற்கு அவர்கள் வீட்டில் வழங்கிய பெயர் என்ன?

எங்கள் பாடசாலையின் அலுமாரி ஒன்றில் இன்று முப்பதுக்கு மேற்பட்ட துணிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று பாதி அரித்த கம்பளி. பதிவேட்டின் முதலாம் இலக்கம் அந்த மூதாட்டியின் சேலை. அவர் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறேன்: தீபாவளிக்கு வாங்கியது, மூன்று தீபாவளிக்குப் பின் வேலைக்குக் கட்டியது, பின்கொசுவம். அதன் கீழே, 'இடப்பக்கத்துக் கொழுந்துக் கறை அதிபரின் உத்தரவின்படி கழுவப்பட்டது' என்றும் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன்.