பிந்திய விண்ணப்பமும் இரண்டாம் வாயிலும்

வவுனியா நகரின் வடக்கே, யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் கண்டி வீதியில், குளமும் வயலும் காடும் சூழ அமைந்த ஊர் ஓமந்தை. மழையை நம்பி விதைக்கும் வன்னிக் கமக்காரனுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். காலபோகத்தின் முதல் விதைப்பு மழை பொய்த்தமையால் அழிந்துபோயின், அவன் வயலைத் தரிசாக விட்டுவிடுவதில்லை. நான்கு மாத நெல்லுக்குக் காலம் போதாதெனில் மூன்று மாத நெல்லைத் தேடி விதைக்கிறான். பிந்திய விதைப்பு என்று அதனை இகழ்வாரும் இல்லை.

கல்வித் துறையிலோ பிந்தியவன் என்ற சொல் ஒரு வசையாகவே வழங்குகின்றது. விரும்பிய துறை கிட்டாமல், விரும்பிய பல்கலைக் கழகமும் கிட்டாமல், இரண்டாம் முறையாக, மூன்றாம் முறையாக விண்ணப்பிக்கும் மாணவன் தன்னைத் தோற்றவனாகவே எண்ணிக்கொள்கிறான். இந்நாட்டின் பல்கலைக் கழக வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போமாயின், இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பது புலப்படும். பிந்துதல் எப்பொழுதும் மாணவனுடைய பிழையன்று. பாதை பிந்தியதுண்டு; அரசு பிந்தியதுண்டு; கணக்குங்கூடப் பிந்தியதுண்டு.

முதலில் பிந்தியது நாடே எனலாம். 1857-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியபோது இலங்கையில் அத்தகைய கழகம் எதுவும் இருக்கவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் கடல் கடந்து சென்றே அக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தம் நாட்டில் வாயில் இல்லாமையால் அயல்நாட்டு வாயிலைத் தட்டியவர்கள் அவர்கள். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெருந்தொண்டு பின்னர்த் தாமோதரம்பிள்ளையால் நிகழ்ந்தது என்பதை யாவரும் அறிவர்.

இலங்கைக்கென ஒரு பல்கலைக் கழகம் வேண்டுமென்ற இயக்கம் 1906-ஆம் ஆண்டில் சேர். பொன்னம்பலம் அருணாசலம் போன்றாரின் முயற்சியால் உருப்பெற்றது. அதன் பயனாக 1921-இல் கொழும்பில் பல்கலைக் கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அது தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. லண்டன் பல்கலைக் கழகத்தின் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942-ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதி இலங்கைப் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றபோதுதான் இந்நாடு தன் பெயராற் பட்டம் வழங்கத் தொடங்கிற்று. சேர். ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். சர்வகலாசாலை என்றே அந்நாளில் மக்கள் அதனை அழைத்தனர். தொடக்கத்தில் அங்குக் கற்ற மாணவர் ஏறத்தாழ 900 பேரே. நாடு முழுவதற்கும் அவ்வளவு இடங்களே இருந்தமையால், ஓமந்தை போன்ற சிற்றூரொன்றிலிருந்து ஒருவன் அவ்வாயிலை அணுகுதல் எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாறு இடம் பெறாதோருக்கு அன்று எஞ்சியிருந்த வழி லண்டன் பல்கலைக் கழகத்தின் வெளிவாரிப் பட்டம். 1858-ஆம் ஆண்டு தொடக்கம் அக்கழகம், தன் வளாகத்தில் அடி வைக்காத மாணவரும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்று விதித்திருந்தது. பகலிற் பள்ளியிற் படிப்பித்து, இரவில் விளக்கொளியிற் படித்து, ஆண்டுகள் பல கழித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர் பலரை இந்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் கண்டுள்ளன. இருபது வயதில் அடைபட்ட கதவை முப்பத்தைந்து வயதில் திறந்தவர் அவர். அவரிடம் கற்றோர் எவரும் அவரைப் பிந்தியவர் என்று கூறியதில்லை.

1952-இல் பல்கலைக் கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1959-இல் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக் கழகங்கள் எழுந்தன. 1960 முதற் கலைத்துறைக் கல்வி சிங்களத்திலும் தமிழிலும் அளிக்கப்படலாயிற்று. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக் கழகம் எட்டக்கூடிய ஒன்றாயிற்று. விண்ணப்பிப்போர் தொகை பெருகிற்று. இடங்களோ அவ்வேகத்திற் பெருகவில்லை. எனவே யாரை எடுப்பது, யாரை விடுப்பது என்ற வினா அரசியல் வினாவாக மாறியது.

1971-ஆம் ஆண்டு அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு புள்ளி எல்லைகள் வகுக்கப்பட்டன. பேராதனையிற் பொறியியல் கற்க, 400 புள்ளிகளிலே தமிழ்மொழி மாணவன் 250 பெறவேண்டியிருந்தது. சிங்களமொழி மாணவனுக்கு 227 போதுமானதாயிருந்தது. இடைப்பட்ட 23 புள்ளிகளில் எத்தனை இளைஞரின் முதல் விருப்பம் வீழ்ந்தது என்பதைத் தமிழ் மக்கள் இன்றும் மறந்திலர். தரப்படுத்தல் என்ற சொல் வீடுதோறும் பேசப்பட்டது அக்காலத்திலேதான். 1973-இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974-இல் அதனுடன் மாவட்டப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தன.

இவ்விடத்தில் வன்னியின் வரலாறு யாழ்ப்பாணத்தின் வரலாற்றினின்றும் சற்று வேறுபடுகின்றது. யாழ்ப்பாண மாவட்டத்து மாணவருக்கு மாவட்டப் பங்கீடு பேரிழப்பாயிற்று. மன்னார், வவுனியா மாவட்டத்துப் பிள்ளைகளுக்கோ, ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் குறைந்த பள்ளிகளிலிருந்து மேலெழ அதுவே ஒரு படியாயிற்று. மொழியின் பெயரால் ஒரு கை தட்டிப் பறித்ததை, இடத்தின் பெயரால் மறு கை சிறிது திருப்பிக் கொடுத்தது எனலாம். ஒரே விதி அயலயலே உள்ள இரு தமிழ் மாவட்டங்களில் இருவேறு பயனைத் தந்ததை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளுதல் வரலாறு படிப்போரின் கடமை.

எல்லைக்கோடுகளின் விளையாட்டும் கவனிக்கத்தக்கது. கிளிநொச்சி 1984-ஆம் ஆண்டு வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே கிளிநொச்சியின் குடியேற்றத்திட்ட வாய்க்காலோரத்தில் வளர்ந்த பிள்ளை, யாழ்ப்பாண நகரத்துப் பெருங் கல்லூரிகளின் மாணவரோடு ஒரே நிரையில் வைத்து எண்ணப்பட்டான். அதே வீதியில் தெற்கே இருந்த ஓமந்தைப் பிள்ளை வவுனியா மாவட்டத்தவனாக எண்ணப்பட்டான். இருவரும் உழுத மண் ஒன்று. வாசித்த நூல் ஒன்று. வரைபடத்திலே ஒரு கோடு இருவரின் வாழ்வையும் வேறாக்கிற்று.

1977-இன் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு விகிதம் மாறி மாறி நிலைத்தது. நெடுங்காலமாக வழங்கிவந்த முறைப்படி, பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வன்னி மாவட்டங்கள் அப்பதினாறனுள் அடங்கும்.

இதற்கிடையே வாயில்களும் பெருகின. 1974 ஒக்டோபரில், சேர். பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி மண்ணில், பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979-இல் அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று. 1980-இல் திறந்த பல்கலைக் கழகம் பிறந்தது. முதல் தெரிவிற் பெயர் வராதவரும், தொழிலில் அமர்ந்தபின் மீண்டும் கற்க விழைந்தவரும் நுழையக்கூடிய வாயில் அது. லண்டன் வெளிவாரிப் பட்டம் முன்பு செய்த பணியை இந்நாட்டு நிறுவனமொன்றே தன் தோளில் ஏற்றுக்கொண்டது.

ஆயின் அந்த வாயில்களைச் சென்றடையும் பாதை போரினால் அடைபட்டது. 1905-ஆம் ஆண்டு தொடக்கம் வன்னியின் ஊடாக ஓடிய வடக்குப் புகையிரதம் 1990-இல் நின்றது. 1997 மே மாதத்தில் ஜயசிக்குறுய் என்னும் படை நடவடிக்கை கண்டி வீதி வழியே தொடங்கியபோது ஓமந்தை போர்க்களமாயிற்று. 2002-ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் வீதி திறக்கப்பட்டது. அப்பொழுது நாடறிந்த ஊராக ஓமந்தை மாறியது, அங்கே அமைந்த சோதனைச் சாவடியினால். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையிலான கடவை அதுவே. நோயாளரும் வணிகரும் மாணவரும் அவ்வாயிலில் நிரையாக நின்றே கடந்தனர். வன்னியின் உட்புறத்துப் பிள்ளையொருத்தி பல்கலைக் கழகம் செல்வதாயின், வெட்டுப்புள்ளி என்னும் கடவையைக் கடந்தபின் ஓமந்தைக் கடவையையும் கடக்க வேண்டியிருந்தது. முன்னதற்குப் படிப்புப் போதும். பின்னதற்கு அனுமதியும் பொறுமையும் வேண்டும். முடிவுத் தேதி என்பது கொழும்பில் ஒரு நாள். கடவைக்கு அப்பால் அதன் பொருளே வேறு.

2009 மே மாதத்திற் போர் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், வவுனியா மாவட்டத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அமைக்கப்பட்ட நிலையங்களில் மாணவர் க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். புத்தகமும் குறிப்பும் இழந்து, உற்றாரையும் இழந்து, கூடாரத்திலிருந்து சென்று எழுதியோர் அவர்கள். அவர்களுள் ஒருவர் முதல் முறையிற் போதிய புள்ளி பெறாது இரண்டாம் முறை தோற்றியிருப்பின், அதனைத் தோல்வி என்று எந்த அளவுகோலால் அளப்பது? உயர்தரப் பரீட்சைக்கு மும்முறை தோற்றலாம் என்ற விதியின் அறம் இத்தகைய வேளையிலேதான் விளங்குகின்றது.

கணக்குப் பிந்திய கதையும் உண்டு. பாடத்துக்குப் பாடம் கடினம் வேறுபடுவதால், வெறும் புள்ளிகளைக் கூட்டுவது நீதியாகாது என்று கருதி, 2001 முதல் இசட் புள்ளி என்னும் முறை கையாளப்படுகின்றது. ஒரு மாணவரின் புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைப் பரம்பல் அளவால் வகுத்துக் காணும் கணக்கு அது. 2011-ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தார், புதிய பாடத்திட்டத்தார் என இரு சாரார் தோற்றினர். வேறு வேறு வினாத்தாள் எழுதிய இரு சாராரையும் ஒன்றாக வைத்துக் கணித்தமை தவறு என 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. புள்ளிகள் மீண்டும் கணிக்கப்பட்டன. அவ்வாண்டு மாணவர் நெடுநாட் காத்திருந்தனர். பின்பு பெருந்தொற்று வந்தது. 2021-க்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022-க்குரியது 2023 ஜனவரியிலுமே தொடங்கின. ஒரு தலைமுறையே ஓராண்டு பிந்திற்று.

பிந்தியோர்க்கு வழி வகுத்தல் எந்நாட்டிலும் உள்ளதே. பிரித்தானியாவில் 1961-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகங்களுக்குப் பொதுவான அனுமதிச் சபை அமைந்தது. பரீட்சை முடிவு வெளிவந்தபின் நிரம்பாத இடங்களை, இடம் கிட்டாத மாணவரோடு பொருத்தும் ஏற்பாடு அதன் வழிவந்தது. தமிழ்நாட்டிற் பொறியியற் கலந்தாய்வு முடிந்தபின் துணைக் கலந்தாய்வு நடைபெறுகின்றது. இலங்கையிலும் முதல் தெரிவில் இடம் பெற்றோர் பதிவு செய்யாது விட்ட இடங்கள், அடுத்த நிலையிலுள்ளோரால் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டவர் அவ்வேளையில் கைநழுவ விடுகின்றார். தமக்கு ஏற்புடைய துறைகள் யாவற்றையும் ஆய்ந்து வரிசைப்படுத்தியவர் பயன் பெறுகின்றார். விருப்ப வரிசையை நிரப்புதல் ஒரு சிறு செயல். ஆயினும் பலருடைய வாழ்வு அதில் தங்கியுள்ளது.

ஓமந்தையும் இன்று பழைய ஓமந்தையன்று. 2011-இல் புகையிரதம் மீண்டும் ஓமந்தை வரை வந்தது. 2014-இல் யாழ்ப்பாணத்தை எட்டியது. சோதனைச் சாவடி 2015-இல் அகற்றப்பட்டது. 1997-இல் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் வளாகமாக வவுனியாவில் அமைந்த நிறுவனம், 2021 ஆகஸ்டு முதலாந் தேதி வவுனியாப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. வவுனியாவிலே தேசிய கல்வியியற் கல்லூரியும் உண்டு. முன்னொருகாற் சென்னைக்கும் லண்டனுக்கும் முகம் நோக்கிய வாயில், இப்பொழுது ஓமந்தைப் பிள்ளைக்குப் பேருந்துத் தூரத்தில் நிற்கின்றது.

ஆனால் வாயில் அண்மையில் வந்தமை மட்டும் போதாது. கைந்நூலும் விண்ணப்ப அறிவித்தலும் கடைக்கோடிப் பள்ளிக்கும் உரிய காலத்தில், உரிய மொழியிற் சென்று சேரவேண்டும். முடிவுத் தேதி ஒழுங்குக்காக அமைந்ததேயன்றி ஒருவரை விலக்குவதற்காக அமைந்ததன்று என்பதை அலுவலர் நினைவிற் கொள்ளவேண்டும். இரண்டாம் வாயிலால் நுழைந்தவரைப் பெற்றோரும் ஊராரும் இரண்டாந் தரத்தினராக நோக்குதல் ஒழியவேண்டும். முதல் விருப்பம் நழுவிய பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அயல் வீட்டுப் பிள்ளையின் வெற்றியைப் பேசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அவ்வழக்கம் அடைக்கும் கதவுகள் எந்த வெட்டுப்புள்ளியும் அடைக்காதவை.

அறுவடைக் காலத்தில் வன்னிக் களத்திலே குவிக்கப்படும் நெல்லில், முந்தி விதைத்தது எது, பிந்தி விதைத்தது எது என்று பிரித்தறிவார் யாருமிலர். சோறு வேண்டுபவர் கேட்பது விளைந்ததா என்பதையே.