முத்திரைத்தாளில் ஒரு தச்சுப் பையன்

1852 பெப்ரவரியில் தூரின் நகரத்தில் ஒரு தச்சாசாரியாரும் தொழில் பழக வந்த பையனும் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார்கள். கூடவே கையெழுத்திட்டவர் டொன் பொஸ்கோ என்ற குருவானவர். பையன் பிழைவிட்டால் வாயால் திருத்தலாம், அடிக்கக்கூடாது; தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது; ஞாயிறு அவனுக்கு. வேலை தேடி நகரத்துக்கு வந்து கட்டடங்களில் எடுபிடியாய் அலைந்த பிள்ளைகளுக்குப் பிரசங்கம் மட்டும் போதாதென்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

1859இல் அவர் தொடங்கிய சலேசியன் சபை 1897இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது, நோர்த் பீச்சின் இத்தாலியக் குடியேறிகளுக்காக. 1906இல் தஞ்சாவூருக்கும் போயிற்று.

நோர்த் பீச்சில் அவர்களுடைய பேதுரு பவுல் கோயிலைக் கடந்துதான் நான் முதலில் கோப்பை கழுவப் போனேன். எழுத்தில் எதுவுமில்லை. ஞாயிறு மணியடிக்கும்போது என் கை சவர்க்காரத் தண்ணீருக்குள் இருக்கும்.