சுவருக்குள் நிற்கும் சட்டம்

சுவர் என்றாலே செங்கல்லும் காரையும் என்று எண்ணிப் பழகிய நமக்கு அமெரிக்க வீட்டுச் சுவர் ஒரு புதிர்தான். தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழுகிறது. அதில் காட்சித்திரைக்கான தாங்கியைப் பொருத்த வேண்டுமெனில், பலகைக்குப் பின்னால் மறைந்து நிற்கும் மரச்சட்டத்தை முதலில் தேட வேண்டும். அச்சட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1830களில் சிகாகோ விரைந்து வளர்ந்தது. தேர்ந்த தச்சர்களோ குறைவு. பருத்த உத்தரங்களைக் குடைந்து முளை செருகி இணைக்கும் பழைய முறைக்குப் பல கைகளும் பல நாட்களும் தேவைப்பட்டன. அறுவை ஆலைகள் தந்த மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணி அடித்து வீடெழுப்பும் முறை அங்கே வேரூன்றியது. 1833இல் அகஸ்டின் டெய்லர் கட்டிய புனித மேரி ஆலயமே முதலாவது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1832இல் ஜார்ஜ் ஸ்னோ எழுப்பிய கிடங்கைச் சுட்டுவோரும் உளர். காற்றடித்தால் பறந்துவிடும் என்ற ஏளனத்தில் அதற்குப் 'பலூன்' என்று பெயர் வந்தது என்பர்.

வீடுகள் பறக்கவில்லை, ஆனால் எரிந்தன. பெரும்பாலும் மரத்தாலான அந்நகரில் 1871 அக்டோபரில் மூண்ட தீ ஏறத்தாழ 300 உயிர்களைக் குடித்தது. சுமார் 1,00,000 பேர் வீடிழந்தனர். அடித்தளத்திலிருந்து கூரைவரை தடையின்றி ஓடும் சட்டங்களின் இடைவெளி, தீக்குப் புகைபோக்கியாகக் கூடியது. பின்னாளில் தளந்தோறும் சட்டங்களைத் துண்டித்து, இடைவெளியை அடைக்கும் முறை பரவியது.

சட்டங்களுக்கிடையே 16 அங்குலம் என்ற அளவு மட்டும் நிலைத்தது. காரை பூசுவதற்காக அடிக்கப்பட்ட மரப்பட்டிகளின் நீளம் 4 அடி. மூன்று பங்கிட்டால் 16 அங்குலம். அகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்ற பலகையின் வழிவந்த ஜிப்சம் பலகையும் 4 அடி அகலத்திலேயே வருகிறது.

அரை அங்குல ஜிப்சம் பலகை எளிதில் நொறுங்குவது; பாரத்தை அதனிடம் ஒப்படைக்கலாகாது. பலகையைச் சட்டத்தோடு பிணைத்த ஆணியை ஒரு காந்தம் காட்டிக்கொடுக்கும். ஒன்றரை அங்குலமே உள்ள சட்டத்தின் முகப்பில், நடுவே, திருகாணியைவிடச் சற்றுச் சிறிய துளையிட்ட பின்பே முறுக்க வேண்டும். இல்லையேல் மரம் பிளக்கக்கூடும். கை நீளும் தாங்கியாயின், திரை முன்னே வர வர மேல் திருகாணியின் மீதான இழுப்பு பெருகும். கீழே குழந்தை விளையாடும் வீட்டில் இது சிறு செய்தியன்று.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோம். இங்கே சுவராய்த் தோன்றுவது திரைச்சீலை. சுமப்பது, அன்று எள்ளி நகையாடப்பட்ட அந்த மெல்லிய சட்டமே.